மீன்தொட்டியைக் கழுவாதீங்க



போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பழைய மாணவன் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் ஓடு ஓடாக, ஒரு முழ நீளத்துக்கு ஒரு மீன். வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கீழே எழுதியிருந்தான்: "சார், வீட்ட காலி பண்ணி கோயம்புத்தூர் போறோம். தொட்டிய வித்தாச்சு. மத்த மீன் எல்லாத்தையும் கடைக்காரர் எடுத்துக்கிட்டார். இந்த சக்கர மட்டும் வேண்டாம்ங்கார். தேரூர் குளத்துல விட்டுரட்டுமா? புண்ணியமாப் போவும்லா?"

நான் பதில் எழுதவில்லை. போன் போட்டேன். "லே மக்கா, அந்தப் புண்ணியம் மட்டும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரை பொறு" என்றேன். வாட்ஸ்அப்பில் அடங்காத விஷயம் என்பதால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். முப்பது வருஷம் நாற்பத்தைந்து நிமிஷ பாடவேளைக்குப் பழகின வாய், சுருக்கிப் பேச வராது.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் உயிரியல் படித்தவர்களுக்கு நைட்ரஜன் சுழற்சி படம் ஞாபகம் இருக்கும். கரும்பலகையில் வட்டமாக அம்புக்குறி போட்டு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று எழுதி, நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று பாக்டீரியாக்களின் பேரை சிவப்புச் சாக்பீஸில் எழுதுவேன். "ஐந்து மார்க் கேள்வி, விட்டிராதீங்க" என்று வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். படம் போடாமல் விட்ட பையன்களை வெளியே நிறுத்தியும் இருக்கிறேன். அந்த நான்தான், அந்தச் சுழற்சி என் சொந்த வீட்டு முன்னறையில், நாலடி கண்ணாடித் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்க்கத் தெரியாமல், அதைக் கொன்று, அதோடு சேர்த்து பதினோரு மீன்களையும் கொன்றவன்.

தொட்டி எங்கள் மகன் வாங்கி வைத்தது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவன், "அப்பாவுக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஒரு பொழுதுபோக்கு" என்று வாங்கி வைத்துவிட்டுப் போனான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். சுமார் 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 300 கிலோ, கண்ணாடியும் சரளையும் சேர்த்தால் 400 கிலோ வரும். எட்டு மூட்டை சிமெண்டை ஒரு மேசையில் அடுக்கி வைத்த மாதிரி. இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. டி.வி. வைத்திருந்த ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிடுகிறார்கள். மேசை ஒரு பக்கம் ஒரு நூல் இறங்கினாலும் ஒட்டுப்போட்ட மூலையில் விரிசல் விழும். அதற்கென்று இரும்பு ஸ்டாண்டு அடித்து, அடியில் தெர்மோகோல் விரித்து வைக்க வேண்டும்.

பொழுதுபோக்கு எனக்கு. வேலை யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன், வருகிறவர்களுக்கு ஏஞ்சல் மீனின் அறிவியல் பெயரைச் சொல்வேன், இரை போடுவேன். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி ஒரு ரப்பர் டியூபை எடுத்து வருவாள். டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் விரலால் பொத்தி, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் இன்னொன்றைத் தரையில் இருக்கிற பெயிண்ட் வாளிக்குள்ளும் விட்டு விரலை எடுப்பாள். வாயால் உறிஞ்ச மாட்டாள். சரளைக்குள் டியூபைக் குத்திக் குத்தி அழுக்கை இழுப்பாள். நாலு வாளி, வாளிக்குப் பதினைந்து லிட்டர். அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகும். முந்தின நாளே பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரை நாலு வாளி பைய ஊற்றுவாள். மாதத்துக்கு ஒரு தடவை ஃபில்ட்டர் பஞ்சை எடுத்து, அந்த அழுக்கு வாளியிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்பப் போடுவாள். "அழுக்குத் தண்ணீல அழுக்குப் பஞ்சைக் கழுவுறதுக்கு எதுக்குக் கழுவணும்?" என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். அவள் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள். மீன்கடைப் பையன் சொன்னதைக் கேட்டு, மீதியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

மகளுக்குப் பிரசவம் என்று அவள் இரண்டு மாதம் பெங்களூர் போனாள். அந்த நேரத்தில் ஊரில் அம்மன் கோயில் கொடை வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். தொட்டிக் கண்ணாடியில் பச்சைப் பாசி, சரளையில் கறுப்பு அழுக்கு. இந்தத் தடவை முறைப்படி சுத்தம் பண்ணிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். மீன்களை ஒரு பெரிய பாத்திரத்தில் மாற்றினேன். தண்ணீரை முழுக்க இறைத்தேன். சரளையை முற்றத்தில் கொட்டி பிளீச்சிங் பவுடர் போட்டு அலசினேன். பஞ்சை வாஷிங் பவுடர் போட்டு வெள்ளை வெளேர் என்று ஆகும் வரை கசக்கினேன். கண்ணாடியைப் பாத்திரம் துலக்கும் சோப்பால் தேய்த்தேன். பஞ்சாயத்துக் குழாயைத் திறந்து நேரடியாக 300 லிட்டரையும் நிரப்பி, சாயங்காலம் மீன்களை விட்டேன். தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. படம் எடுத்து குடும்பக் குரூப்பில் போட்டேன். நீங்களும் பலர் கைதட்டல் படம் போட்டீர்கள்.

மறுநாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள், கொடைக்கு ஆள் வருகிற அன்றைக்கு, பதினான்கில் பதினொன்று மிதந்தது. எட்டு ஏஞ்சலும் போயிற்று. பிழைத்தது இரண்டு கௌராமியும் ஒரு சக்கரும்.

பெங்களூருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பஞ்சை எதுல கழுவுனீங்க?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கரும்பலகை ஞாபகம் வந்தது.

நடந்தது இதுதான், பிள்ளைகளே. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றும். தின்னாத இரையும் அழுகி அம்மோனியா ஆகும். அது விஷம். குளத்தில் என்றால் தண்ணீர் பரப்பு பெரிது, தாவரம் உண்டு, சேறு உண்டு. தொட்டியில் அந்த விஷத்தை எடுக்க ஒரே ஆள், பஞ்சிலும் சரளையிலும் கண்ணாடியிலும் வழுவழுப்பாகப் படிந்து வாழ்கிற பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். அது சேரச் சேர வெளியே எடுக்கத்தான் வெள்ளிக்கிழமை நாலு வாளி. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 வாக்கில் சூரிச் நகரத்தில் இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நான் 'அழுக்கு' என்று பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொன்றது அவற்றைத்தான். ஒரு புதுத் தொட்டியில் அந்தக் கூட்டம் தானாக வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரு மத்தியானத்தில் தொட்டியைப் பிறந்த குழந்தை மாதிரி ஆக்கி, அதில் பதினான்கு பெரிய மீன்களை விட்டிருக்கிறேன்.

அதோடு குழாய்த் தண்ணீர்க் குளோரின் செவுளை அரித்தது. சோப்பு மிச்சம் இருந்திருக்கும். இன்னொன்று, நம் பக்கத்துத் தண்ணீர் கடினத்தண்ணீர், காரத்தன்மை கூடினது. கார நீரிலும் சூட்டிலும் அம்மோனியாவின் விஷம் ஏறும். ஒரே தேதியில் எல்லாத் தப்பையும் செய்தால் அப்படித்தான்.

இரண்டு கௌராமியும் சக்கரும் ஏன் பிழைத்தன? கௌராமிக்குத் தலைக்குள் ஒரு மடிப்பு உறுப்பு உண்டு, மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கு இருக்கிறதே, அதே வகை. சக்கரும் காற்றை விழுங்கி இரைப்பை வழியாகச் சமாளிக்கும். தண்ணீரை நம்பி இருந்தவை செத்தன.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது நைட்ரோபாக்டர் என்று சொல்லிக்கொடுத்தேன் அல்லவா? வயலுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் அது சரி. ஆனால் மீன்தொட்டியில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு கூட்டம் என்று 1998-லேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். பரீட்சையில் நைட்ரோஸ்பைரா என்று யாராவது எழுதி நான் மார்க் குறைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளவும். யாரும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆக, என் அபிப்பிராயம் இது. மீன்தொட்டியைப் பராமரிப்பது என்பது அழுக்கை முழுக்க எடுப்பதில்லை. எந்த அழுக்கை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது. கண்ணாடியின் முன்பக்கப் பாசியைப் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டிவிடுங்கள், பின்பக்கத்தை விட்டுவிடுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள், ஜன்னல் வெயில் நேராக விழாமல் பாருங்கள், பாதிப் பாசி அதிலேயே குறையும். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் இரை. வாரம் ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. பஞ்சையும் சரளையையும் ஒரே நாளில் தொடாதீர்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் மட்டும் பிழியுங்கள். சோப்பு, பிளீச்சிங், டெட்டால் எதுவும் வீட்டில் தொட்டி இருக்கிற திசைக்கே வரக்கூடாது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாய் திறந்த டிரம்மில் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் கடையில் விற்கிற குளோரின் எதிர்ப்புச் சொட்டு மருந்து போடலாம். அதில் பெரும்பாலும் இருப்பது நம் லேபில் இருந்த ஹைப்போதான், சோடியம் தயோசல்ஃபேட். தண்ணீருக்குள் கை விடும் முன் ஹீட்டர், மோட்டார் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறுகிற மாதிரி விட்டால், ஒயர் வழியே வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வைத்துப் பார்த்தார். (வாலிஸ்நேரியா! நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டு, பெண்பூ சுருள்காம்பில் மேலே வரும். ஞாபகம் இருக்கிறதா?) இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் தொட்டியைக் கழுவவில்லை. சில குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகல் இலையைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய அந்த மனுஷனுக்குத் தெரிந்தது, பி.எட். படித்த எனக்குத் தெரியவில்லை.

சின்னக் கிண்ணத்தில் தங்கமீன் வாங்கிப் பிறந்தநாள் பரிசு கொடுக்கிறார்களே, அதைச் செய்யாதீர்கள். மூன்று லிட்டரில் விஷம் ஏற ஒரு நாள் போதும். 300 லிட்டரில் அதே தப்பு பைய ஏறும், நமக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். பெரிய தொட்டிதான் சுலபம். ஆனால் பெரிய தொட்டி வாங்குகிற ஆம்பிளைகள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிற என் பழைய மாணவர்கள், கடைக்காரனிடம் விலை பேசும் முன் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: வெள்ளிக்கிழமை நாலு வாளி யார் தூக்குவது? அறுபது கிலோ தண்ணீரை எடுத்து, அறுபது கிலோ ஊற்ற வேண்டும். என் மனைவிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, முட்டுவலி உண்டு. அதை நான் கணக்குப் போட்டது அவள் இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான். இப்போது வாளி என் பொறுப்பு. டியூபை மட்டும் அவள் பிடிக்கிறாள், என்னிடம் கொடுப்பதில்லை. நம்பிக்கை இன்னும் வரவில்லை போல.

இனி அந்தச் சக்கர் விஷயத்துக்கு வருகிறேன்.

கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் விற்கிறார்கள். அதை விட்டால் நாம் கழுவ வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும், உண்மை. வளர்ந்தபின் மற்ற மீனுக்குப் போடுகிற இரையைத் தின்னும், தொட்டியிலேயே அதிகக் கழிவு போடுகிறது அதுவாகத்தான் இருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் வாழும், ஒரு அடிக்கு மேல் வளரும். அப்போதுதான் நம் ஆட்களுக்குக் குளம் ஞாபகம் வருகிறது.

அது தென் அமெரிக்க ஆற்று மீன். அதன் ஓட்டை நம் விரால்கூடக் கடிக்காது. அது முட்டையிடுவதற்குக் கரையில் வளை தோண்டும். கையளவு வளை இல்லை, மூன்றடி ஆழத்துக்கும் மேல் போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏரிக்கரைகள் இதனால் அரிக்கின்றன. மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ அணையில் வலைக்குச் சிலேபி வந்த இடத்தில் இதுவே வந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. இதன் முள் மாட்டினால் வலை கிழியும். புவேர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடா இதை விழுங்கித் தொண்டையில் மாட்டிச் செத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில், திருவனந்தபுரம் நகரத்து ஆமயிழஞ்சான் தோட்டில் இது பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் பண்ணைகளிலிருந்து அரபைமா மாதிரியான மீன்களெல்லாம் ஆற்றுக்குள் வந்ததையும் செய்தியில் பார்த்தோம்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். நாம் இருப்பது கடைவரம்பு. பேச்சிப்பாறையிலிருந்து சானல் வழியாகக் குளம் குளமாக நிறைந்து, மிச்சம் இருந்தால் நமக்கு வரும். ஒரு குளத்தில் விட்ட மீன் அந்தக் குளத்தோடு நிற்காது, மறுகால் பாய்கிற தண்ணீரோடு அடுத்த குளத்துக்கு இறங்கும். இந்தக் குளங்களுக்கெல்லாம் மண்கரை. மண்கரையில் மூன்றடி வளை தோண்டுகிற மீனை, நான்கு பேர் கூடிக் கும்பிட்டு விடுவதற்குப் பேர் புண்ணியமா? அதிலும் தேரூர்க் குளம்! சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், பறவைகளுக்காக. அந்தக் கூழைக்கடாவின் தொண்டைக்குத்தான் இதை அனுப்பப் பார்த்தான் என் மாணவன். அவனைக் குறை சொல்லவில்லை. மனசு நல்ல மனசு, கொல்ல மனமில்லாமல்தான் கேட்டான். சிலேபியும் 1952-ல் நல்லதுக்கென்றுதான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-ல் தடை செய்தும் இன்னும் அது ஒழிந்தபாடில்லை. குளத்தில் விட்ட மீனைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது.

அப்படியானால் என்ன செய்ய? முதலில், பெரிய தொட்டி வைத்திருக்கிறவர்களிடம் கேளுங்கள். கடைக்காரர் காசு தராமல் வாங்கிக்கொள்வார் என்றால் கொடுத்துவிடுங்கள். எதுவும் நடக்கவில்லை, அல்லது மீன் நோயில் கிடக்கிறது என்றால், கிராம்பு எண்ணெய். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலக்கினால் மீன் மயங்கும், கூடுதலாகக் கலக்கினால் அந்த மயக்கத்திலேயே போய்விடும். நம் மாறாமலைக் கிராம்புக்கு இப்படி ஒரு வேலையும் உண்டு. படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எழுத எனக்கும்தான். ஆனால் உயிரோடு குளத்தில் விட்டு, நூறு உயிருக்கு வினை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதைவிட, இந்தக் கஷ்டத்தை நாம் சுமப்பது நியாயம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், வாதாடலாம்.

ஏஞ்சல் செத்தபின் நான் மறுபடி ஏஞ்சல் வாங்கவில்லை. அவை மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் மீன். நம் கிணற்றுத் தண்ணீர் அவற்றுக்கு ஆகாது. மணக்குடிக் காயல் பக்கத்து நண்பர் ஒருவர் பள்ளத்தி ஆறு கொண்டுவந்து தந்தார். மஞ்சளில் மூன்று கரும்பொட்டு வைத்த மீன், கரிமீனுக்குத் தம்பி. உவர்த்தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்து மீன் என்பதால் நம் கடினத்தண்ணீரில் ராஜாவாக இருக்கிறது. ஒரு ஜோடி முட்டை வைத்து, இரண்டும் மாறி மாறி விசிறிக் காவல் காத்தன. குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பு வழுவழுப்பைக் கொத்தித் தின்கின்றன. இதை என் மனைவிதான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அறிவியல் பெயர் சூடெட்ரோப்ளஸ் மேக்குலேட்டஸ் என்று ஆரம்பித்தேன். "சும்மா பாருங்க" என்றாள்.

உள்ளூர் மீன் வையுங்கள் என்று சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளில் 'மிஸ் கேரளா' என்று ஒரு சிவப்புக் கோட்டு மீன் உண்டு. தொட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே அது அழிவின் பக்கம் போய்விட்டது. ஆறு பள்ளத்தி போதும். அறுபது பிடிக்கப் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் சக்கரை மூடிபோட்ட வாளியில் கொண்டு வருகிறான். என் நாலடித் தொட்டியில் ஏற்கெனவே ஒரு சக்கர் கிடக்கிறது, இரண்டுக்கு இடம் போதாது. நாகர்கோவில், வள்ளியூர், மார்த்தாண்டம் பக்கத்தில் ஆறடிக்குக் குறையாத தொட்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். வாளியோடு நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம். பஞ்சை எதில் கழுவுகிறீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.